பிள்ளைகளின் வழியே வந்த காதல்

தாயை இழந்த குழந்தைகள், மனைவியை இழந்த தந்தை, அக்குழந்தைகளைப் பேணுவதற்கென வெளியிலிருந்து வந்து சேரும் ஓர் இளம்பெண்: இவர்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் கதை தானே நடக்கத் தொடங்கிவிடும் என்பதைக் கதாசிரியர்கள் நெடுநாட்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1847-ஆம் ஆண்டில் சார்லட் பிராண்ட்டே என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய ‘ஜேன் அயர்’ நாவலில், ஒரு சிறுமிக்குப் பாடஞ்சொல்ல வந்த ஆசிரியை, முடிவில் அம்மாளிகையின் தலைவரையே மணக்கிறாள். 1969-இல் வெளிவந்த ‘சாந்தி நிலையம்’ என்ற தமிழ்ப் படத்தைப் பார்த்தவர்கள், செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக வரும் காஞ்சனாவையும் அவ்வீட்டின் தலைவராக வரும் ஜெமினி கணேசனையும் மறந்திருக்கமாட்டார்கள். மார்க்கஸ் பார்ட்லி அப்படத்தில் செய்த வண்ண ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1965-இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்னும் அமெரிக்கப் படம் இருக்கிறது. நம்மவர் குடும்பத்தோடு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அச்சமின்றிச் சென்று பார்க்கக்கூடிய ஆங்கிலப் படங்களுள் அதற்கு ஒரு தனியிடம் உண்டு.

இந்த வரிசையில் கடைசியாகச் சொன்னது மட்டும் வெறுங்கற்பனையன்று. அந்தத் தந்தை உண்மையிலேயே வாழ்ந்தவர். அந்த ஆசிரியையும் வாழ்ந்தவள். அவர்களுடைய பிள்ளைகள் நூல் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மையாரும் தம் கதையை இருமுறை எழுதியிருக்கிறார். அவற்றைப் படித்தால், திரையில் ஓர் இரவு நடனத்திலும் ஒரு நிலவொளிப் பாட்டிலும் முடிந்துவிடுகிற காதல், வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக வரவில்லை என்பது புலனாகிறது. இன்னும் சொல்லப்போனால், அது திருமணத்துக்குப் பின்னரே வந்தது. மணம் முடித்துப் பின்னர் மனம் கலப்பது நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. ஆகவே இந்தக் கதையை ஐரோப்பியரைவிட நாம் எளிதாக விளங்கிக்கொள்ளக்கூடும் என்று தோன்றுகிறது.

நம் இலக்கியத்தில் செவிலிக்கு ஒரு பெருமை உண்டு. அகத்திணை மரபில் நற்றாய்க்கு இணையாகச் செவிலித்தாயும் வருந்துகிறாள், தேடுகிறாள், வாழ்த்துகிறாள். ஆயினும் அவள் பிறர் காதலைப் பார்த்து நிற்பவளேயன்றித் தானே ஒரு காதலின் தலைவியாவதில்லை. மனைவியை இழந்தவன் வீட்டுக்கு மறுபடியும் ஒரு பெண் வரவேண்டுமாயின், இறந்தவளின் தங்கையைக் கேட்பதே நம் ஊர்களில் பெருவழக்காயிருந்தது. தாயின் தங்கைக்கும் தந்தையின் இரண்டாம் மனைவிக்கும் ‘சித்தி’ என்ற ஒரே சொல் வழங்குவது தற்செயலன்று. ஆனால் உறவினர் ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருக்க, வேற்று மாநில நகரத்தில் குடித்தனம் செய்யும் குடும்பத்துக்குச் சித்தியும் அத்தையும் எளிதில் கிட்டுவதில்லை. அங்கே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்பவள் சம்பளத்துக்கு வந்த ஆயாதான். அவள் யார், அவளுக்கு அவ்வீட்டில் என்ன இடம் என்ற கேள்வி நமக்கு அயலான கேள்வியன்று.

இனி ஆஸ்திரியாவுக்குச் செல்வோம்.

கேயோர்க் வான் டிராப் 1880-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், ஏட்ரியாடிக் கடற்கரையிலுள்ள ஸாரா என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். அந்நாளில் அந்நகர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்தது. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் தலைவராயிருந்து பெரும்புகழ் ஈட்டினார். 1915-இல் ‘லியான் காம்பெட்டா’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தவர் அவரே. போர் முடிந்தபோது பேரரசு சிதறியது. எஞ்சிய சிறிய ஆஸ்திரியாவுக்குக் கடற்கரையே இல்லாமற்போயிற்று. கடற்படைத் தலைவருக்குக் கடல் இல்லை! முப்பத்தெட்டு வயதில் ஒருவர் தம் தொழிலை மட்டுமன்று, தொழில் செய்யும் இடத்தையே இழந்து நிற்பது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அவருடைய மனைவி அகாதே, டார்ப்பிடோ என்னும் கடற்குண்டை உருவாக்கிய ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் பேத்தி. 1911-இல் மணம் நடந்தது. ஏழு குழந்தைகள் பிறந்தனர். 1922-ஆம் ஆண்டில், உடல் சிவந்து தடிக்கும் ‘ஸ்கார்லெட்’ சுரம் அந்த வீட்டில் புகுந்தது. குழந்தைகள் தேறினர், தாய் தேறவில்லை. செப்டம்பர் மாதம் அகாதே இறந்தபோது கடைசிக் குழந்தை மார்ட்டினாவுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. மனைவியின் நினைவு நிறைந்த பழைய இடத்தில் இருக்கப் பொறாமல், டிராப் தம் குழந்தைகளுடன் ஸால்ஸ்பர்க் நகரின் புறத்தே உள்ள ஐகன் என்ற இடத்தில் ஒரு மாளிகையில் குடியேறினார்.

திரைப்படத்தில் இந்தத் தந்தை எப்படித் தோன்றுகிறார் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சிரிப்பறியாத முகம். ஊதலை எடுத்து ஊதினால் குழந்தைகள் படைவீரர்போல் வரிசையில் வந்து நிற்கவேண்டும். வீட்டில் பாட்டென்ற பேச்சே கூடாது. ஆசிரியை வந்துதான் அவருடைய கல்நெஞ்சைக் கரைக்கிறாள்.

பிள்ளைகள் தந்த சான்று இதற்கு நேர்மாறானது. மூத்த மகள் அகாதே, தம் தொண்ணூறாவது வயதையொட்டி, 2003-இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். தந்தையைப் பற்றிய பொய்யான படிமத்தைத் திருத்துவது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று என்பது படிப்பவர்க்கு விளங்கும். தந்தை மென்மையானவர், பிள்ளைகளோடு விளையாடியவர், வயலினும் கிதாரும் வாசித்து அவர்களோடு பாடியவர். ஆசிரியை வருமுன்பே அவ்வீட்டில் இசை இருந்தது. ஊதல் இருந்தது உண்மை. கப்பலில் பழகியவர் கையில் வேறென்ன இருக்கும்? தோட்டம் பெரியது, வீடும் பெரியது. தொண்டை வலிக்கக் கத்துவதைவிட, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வோர் ஊதலோசை வைத்து அழைப்பது எளிதாயிருந்தது. நம் வீடுகளில் மாடியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைப் பெயர்சொல்லிக் கூவுவதற்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடில்லை.

ஆசிரியையின் கதை வேறு வகையானது. மரியா அகஸ்டா குட்சேரா 1905-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், வியன்னாவை நோக்கிச் சென்ற ஓர் இரயில் வண்டியில் பிறந்தாள். சிறு குழந்தையாயிருக்கும்போதே தாய் இறந்தாள். தந்தை அவளை உறவினர் பொறுப்பில் விட்டார். அவரும் சில ஆண்டுகளில் மறைந்தார். அன்பு குறைந்த வீட்டில், கடவுள் நம்பிக்கை ஏளனம் செய்யப்பட்ட சூழலில் வளர்ந்தவள், வியன்னாவில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு தன் விருப்பாகவே ஸால்ஸ்பர்க்கிலுள்ள நான்பெர்க் கன்னிமாடத்தில் துறவு பூணச் சென்றாள். முறைப்படி துறவியாவதற்குமுன் உள்ள பயிற்சி நிலையில் இருந்தாள் என்க.

டிராப்பின் இரண்டாவது மகளுக்கும் மரியா என்றே பெயர். சுரத்தில் தேறியும் அச்சிறுமியின் நலிவு தீரவில்லை. நெடுந்தொலைவு நடந்து பள்ளிக்குச் செல்ல அவளால் இயலாது. வீட்டோடு தங்கிப் பாடஞ்சொல்ல ஓர் ஆசிரியை வேண்டுமென்று தந்தை கன்னிமாடத்தைக் கேட்டார். 1926-இல் இருபத்தொரு வயது மரியா, சில மாதங்களில் திரும்பிவிடுவதாக எண்ணிக்கொண்டு அங்கே வந்தாள். வந்தது ஒரு குழந்தைக்காக. ஏழு குழந்தைகளுக்கும் அவள் வேண்டியவளாகிவிட்டாள். ‘அகஸ்டா’ என்ற பெயரைச் சுருக்கிக் ‘குஸ்டல்’ என்று அவர்கள் அவளை அழைத்தார்கள். மலையேற்றம், கைப்பந்து, நாட்டுப்பாடல், பல குரல்கள் பின்னிச் செல்லும் பழைய பாட்டு என்று பாடத்துக்கு வெளியே அவள் கற்றுக்கொடுத்தவை மிகுதி. மூத்தவன் ரூபர்ட்டுக்கு அப்போது பதினைந்து வயது நிரம்பும் காலம். ஆசிரியைக்கும் அவனுக்கும் ஆறேழு வயதே வேறுபாடு. திரைப்படம் மூத்த பிள்ளையை மகளாக்கிவிட்டதனால் இந்தச் சங்கடம் அங்கே தெரியாமற்போயிற்று.

இவ்வாறு மாதங்கள் சென்றன. டிராப் தம் நிலைக்கேற்ற உயர்குடிப் பெண் ஒருத்தியை மணக்கப்போகிறார் என்ற பேச்சும் அவ்வீட்டில் இருந்தது. ஆசிரியை அதனை இயல்பாகவே ஏற்றுக்கொண்டாள். அவள் கண் கன்னிமாடத்தின் மீதிருந்தது. அவர் கண் மெல்ல மெல்லத் திசைமாறியதை அவள் அறியவேயில்லை. வீட்டில் மற்றவர்கள் அறிந்தார்கள், குழந்தைகளும் அறிந்தார்கள். குஸ்டல் நம்மைவிட்டுப் போகாதிருக்க என்ன வழி என்பதே அவர்கள் கவலை. அப்பா அவளை மணந்துகொண்டால் அவள் போகமாட்டாளே என்று அவர்கள் தந்தையிடமே சென்று கேட்டார்களாம். அவளுக்கு என்னைப் பிடிக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாதே என்றாராம் அவர். உடனே சிறியவர்கள் ஓடினார்கள். ஏணிமேல் நின்று சரவிளக்கின் பளிங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், உனக்கு அப்பாவைப் பிடிக்குமா என்று கேட்டார்கள். குழந்தை கேட்ட கேள்விக்குக் குழந்தைக்குச் சொல்லும் விடையாக, பிடிக்குமே என்று சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தாள். அந்த ஒரு சொல் தந்தையிடம் வேறு பொருளோடு போய்ச் சேர்ந்தது.

மரியா அம்மையார் 1949-இல் வெளியிட்ட நூலில் இப்படித்தான் எழுதியிருக்கிறார். நிகழ்ச்சிகளைச் சற்று மெருகேற்றிச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு என்பது அந்நூலைப் படிக்கும் எவர்க்கும் தெரியும். ஆயினும் இந்தச் சரவிளக்கு நிகழ்ச்சியின் சாரம் பொய்யாயிருக்க இடமில்லை. பின்னர் நடந்தவை அனைத்தும் அதனோடு பொருந்துகின்றன.

டிராப் அவளிடம் நேரில் பேசியபோது, என்னை மணந்துகொள்வாயா என்று மட்டும் கேட்கவில்லை. இங்கேயே தங்கி என் குழந்தைகளுக்கு இரண்டாவது தாயாக இருப்பாயா என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டிராமல், மணம் ஒன்றையே கேட்டிருந்தால் தாம் இசைந்திருக்கமாட்டோம் என்று அம்மையார் பின்னாளில் எழுதினார். ஆயினும் உடனே இசையவில்லை. கலங்கிக் கன்னிமாடத்துக்கு ஓடினாள். அங்குள்ள மூத்தவர்கள் கூடி ஆராய்ந்து, இம்மணமே இறைவன் திருவுளம் என்று கூறினர். அவள் மகிழவில்லை. துறவைத் துறக்கச் சொன்ன கட்டளையாகவே அதை ஏற்றாள். 1927-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், அதே நான்பெர்க்கில் திருமணம் நடந்தது. மணமகனுக்கு நாற்பத்தேழு வயது, மணமகளுக்கு இருபத்திரண்டு.

இருபத்தைந்து ஆண்டு இடைவெளி! நம் இலக்கண ஆசிரியர் எவரேனும் இதைக் கேள்வியுற்றிருந்தால் தயங்காமல் பெருந்திணையில் கொண்டுபோய் வைத்திருப்பார். இக்கால வாசகர்க்கு வேறோர் ஐயமும் எழும். வீட்டில் சம்பளத்துக்கு இருப்பவளை வீட்டுத் தலைவர் கேட்கும்போது, அவள் ‘இல்லை’ என்று சொல்லக் கூடுமா? இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. மரியாவின் நிலையில் ஒன்று இருந்தது: அவள் திரும்பிச் செல்ல ஓர் இடமிருந்தது. அன்றிரவே புறப்பட்டுச் சென்று கதவைத் தட்டினால் திறப்பதற்கு ஆள் இருந்தார்கள். அவள் உண்மையிலேயே புறப்பட்டுச் சென்றாள். சென்ற பின்னரே இசைவு தந்தாள். அவளுடைய இசைவை இசைவென்று நாம் நம்புவதற்கு அதுவே காரணம். பெருநகர அடுக்குமாடிகளில், தன் கிராமத்தின் பெயரைத் தவிர வேறு போக்கிடமறியாத பதினெட்டு வயதுப் பெண்ணைப் பிள்ளை பார்க்க வைத்திருக்கும் வீடுகளில் இத்தகைய கதை நிகழ்ந்தால் அதை நாம் இதே கண்ணோடு பார்க்க இயலாது, பார்க்கவும் கூடாது.

மணநாளன்று தம் மனநிலை எப்படியிருந்தது என்பதை அம்மையார் 1972-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதிவிட்டார். அவரைப் பிடித்திருந்தது, ஆனால் அவர்மீது காதல் இல்லை. பிள்ளைகளைத்தான் நேசித்தேன், ஒரு வகையில் பிள்ளைகளைத்தான் மணந்தேன் என்பது அதன் கருத்து. பின்னர், சிறிது சிறிதாக அவரை நேசிக்கக் கற்றுக்கொண்டதாகவும், அதற்கு முன்னும் பின்னும் வேறெவரையும் அவ்வளவு நேசித்ததில்லை என்றும் சொல்கிறார்.

அந்தச் ‘சிறிது சிறிதாக’ என்பதில்தான் உண்மையான காதற்கதை இருக்கிறது. திரைப்படம் அதை முற்றிலும் விட்டுவிட்டது. படத்தில் திருமணம் முடிந்து தேனிலவு கழிவதற்குள் நாஜிகள் வந்துவிடுகிறார்கள். வாழ்க்கையில் மணத்துக்கும் நாட்டைவிட்டு நீங்கியதற்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இந்தப் பத்து ஆண்டுகளில் இரண்டு பெண்குழந்தைகள் பிறந்தனர். ஆக ஒன்பது பிள்ளைகள்.

அது இனிமை மட்டுமே நிறைந்த இல்லறமன்று. மரியாவுக்குக் கோபம் மிகுதி. கதவை அறைவார், பொருளை வீசுவார், கத்துவார். மறுகணம் எல்லாம் மறந்து சிரிப்பார். அமைதியான தாயிடம் வளர்ந்திருந்த பிள்ளைகளுக்கு இது புதிது. வந்துபோகும் இடிமழையாகக் கருதி அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகினோம் என்ற பொருள்படப் பிள்ளைகளில் ஒருவர் பின்னர்ச் சொல்லியிருக்கிறார். அந்த மழையில் நனையாமல் நின்றவர் டிராப். உரத்துப் பேசாதவர், கப்பலில் புயல் பார்த்தவர். திரையில் கடுமையான தந்தையும் மென்மையான ஆசிரியையும். வீட்டிலோ நிலைமை ஏறக்குறைய இதற்கு எதிர்மாறு. அவளைக் கரைத்தவர் அவர் என்று சொல்வதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

1935-இல் பேரிடி விழுந்தது. டிராப்பின் செல்வம், முதல் மனைவியின் வழி வந்த பெருஞ்சொத்து, இலண்டன் வங்கியில் பத்திரமாக இருந்தது. ஆஸ்திரிய வங்கி ஒன்று நெருக்கடியில் தத்தளித்தபோது, அதை நடத்தியவர்க்கு உதவும்பொருட்டு அவர் தம் பணத்தை அங்கே மாற்றினார். வங்கி முறிந்தது, பணம் போயிற்று. வேலைக்காரர்களுள் பெரும்பாலோர் அனுப்பப்பட்டனர். குடும்பம் மேல்மாடிக்கு ஏறியது. கீழறைகள் வாடகைக்கு விடப்பட்டன. மானமே பெரிதென்று வாழ்ந்த கடற்படைத் தலைவர் உள்ளூர நொறுங்கினார். மரியாவோ சோர்வதற்குப் பதிலாகக் கிளர்ச்சி கொண்டாள். வறுமையில் பிறந்தவளுக்கு வறுமை அச்சந்தரவில்லை. சமைத்தாள், வாடகைக்காரரைக் கவனித்தாள், பிள்ளைகளைப் பாடவைத்தாள். வீட்டோடு தங்கிய பிரான்ஸ் வாஸ்னர் என்ற இளம் பாதிரியார் அவர்களுடைய பாட்டைச் செப்பனிட்டார். லோட்டே லேமன் என்னும் புகழ்பெற்ற இசையரசி தற்செயலாக அப்பாட்டைக் கேட்டு, இதை மேடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றார். 1936-இல் ஸால்ஸ்பர்க் இசைப் போட்டியில் அவர்கள் முதற்பரிசு பெற்றனர்.

தம் குடும்பம் மேடையேறிப் பாடுவது டிராப்புக்குப் பிடிக்கவில்லை. குலப்பெருமை ஒருபுறம், கூச்சம் ஒருபுறம். ஆயினும் தடுக்கவில்லை. தாம் பொருளீட்ட இயலாத வீட்டில், மனைவியும் மக்களும் ஈட்டும் வழியை அடைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒருகாலத்தில் சம்பளம் பெற்று அவ்வீட்டில் நுழைந்தவள் அவ்வீட்டைத் தாங்குகிறாள். சம்பளம் தந்தவர் ஒதுங்கிநின்று அதை ஏற்கிறார். காதலுக்கு இதைவிடக் கடினமான தேர்வு எளிதில் கிடைக்காது. வேலை தேடி வந்த ஊரில் கணவனுக்கு வேலைபோய், மனைவி கைத்தொழிலால் குடும்பம் நின்ற கதை நம்மிடையே எத்தனை வீடுகளில் உண்டு! அந்த வீடுகளில் உள்ளவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வீட்டில் நாஜிக் கொடி ஏற்றச் சொன்னார்கள், டிராப் மறுத்தார். ஜெர்மன் கடற்படையில் பதவி தந்தார்கள். கடலை இழந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின் மறுபடியும் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்! அதையும் மறுத்தார். மருத்துவரான ரூபர்ட்டுக்கு வியன்னா மருத்துவமனையில் பதவி கிடைத்தது. யூத மருத்துவர்களை வெளியேற்றிக் காலியாக்கிய இடம் அது. அவனும் மறுத்தான். ஹிட்லரின் பிறந்தநாள் விழாவில் பாட அழைப்பு வந்தது. மறுப்புகள் குவிந்துவிட்டால் பின்னர் என்ன நேரும் என்பது தெரிந்ததே. குடும்பத்தைக் கூட்டிக் கேட்டார். போய்விடுவோம் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள்.

படத்தில் அவர்கள் பாட்டிசைக்க மலைகடந்து சுவிட்சர்லாந்துக்குச் செல்கிறார்கள். ஸால்ஸ்பர்க்கில் மலையேறி அப்புறம் இறங்கினால் ஜெர்மனியில்தான் இறங்கவேண்டும்! உண்மையில் அவர்கள் இரயிலேறி இத்தாலிக்குச் சென்றார்கள். டிராப் பிறந்த ஸாரா நகர் முதல் போருக்குப் பின்னர் இத்தாலியின் கைக்கு வந்திருந்ததால், அவர்கள் இத்தாலியக் குடிகள் என்ற உரிமை பெற்றிருந்தார்கள். பிறந்த ஊரின் பெயர் நெருக்கடியில் கைகொடுத்தது. அங்கிருந்து இலண்டன், பின்னர் அமெரிக்கா. பத்தாவது பிள்ளை யோஹானஸ் 1939 ஜனவரியில் பிலடெல்பியாவில் பிறந்தான். அவர்கள் விட்டுச்சென்ற ஐகன் மாளிகையில் பின்னர் ஹிம்லர் வந்து அமர்ந்தான்.

அமெரிக்காவில் கச்சேரிக்குக் கச்சேரி ஊர்சுற்றும் வாழ்க்கை. 1942-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊரில், தம் நாட்டு மலைகளை நினைவூட்டும் ஒரு பண்ணையை வாங்கினார்கள். மூத்த மக்கள் இருவரும் அமெரிக்கப் படையில் சேர்ந்தனர். டிராப் மரம் வெட்டினார், வேலி கட்டினார், மேடைக்குப் பின்னால் பெட்டிகளை எண்ணினார். 1947-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். இருபதாண்டு இல்லறத்துக்குச் சில மாதங்களே குறை. அவர் இறந்தபோது அம்மையாருக்கு வயது நாற்பத்திரண்டு. அதற்குமேல் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கணவர் இறந்து இரண்டாண்டில் எழுதிய அந்த நூலே பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் மூலம். ஜெர்மானியப் படத் தயாரிப்பாளர்களுக்கு அதன் உரிமையை ஒன்பதாயிரம் டாலருக்கு விற்றார். 1956-இல் ஜெர்மன் படம் வந்தது. 1959-இல் நியூயார்க்கில் இசைநாடகம் அரங்கேறியது. 1965-இல் அமெரிக்கப் படம். கோடிக்கணக்கான பணம் புரண்டதில் குடும்பத்துக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். அம்மையார் அதற்காக அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை. அவரையும் பிள்ளைகளையும் வருத்தியது வேறு. நாடகம் டிராப்பைக் கல்நெஞ்சராகக் காட்டியிருந்தது. படமெடுக்கத் தொடங்குமுன், என் கணவர் அப்படிப்பட்டவரல்லர், அவர் பாத்திரத்தைச் சற்று மென்மையாக்குங்கள் என்று இயக்குநர் ராபர்ட் வைஸிடம் அம்மையார் வேண்டினார். இயக்குநர் இசையவில்லை. கதைக்குக் கரைவதற்கு ஒரு கல் வேண்டியிருந்தது போலும்!

ஓர் ஆசிரியையின் புகழை உலகம் பாட, அந்த ஆசிரியையோ தம் புகழைக் குறைத்துக் கணவரின் பெயரைக் காக்க முயன்றார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் கேட்டபடி செய்திருந்தால், அவரை ஜூலி ஆண்ட்ரூஸ் வடிவில் உலகம் கொண்டாடியதற்குக் காரணமே குன்றியிருக்கும். மணநாளில் காதலிக்கவில்லை என்று எழுதிய அதே கைதான் கணவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவருக்காக இப்படிப் போராடியது. படத்தில் அவரும் ஒரு காட்சியில் தெருவில் நடந்துபோகிறார். அறிந்து பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாது.

மரியா அம்மையார் 1987 மார்ச் 28-ஆம் நாள் காலமானார். ஸ்டோவில், கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எந்தச் சிறுமியால் பள்ளிக்கு நடக்க இயலாதென்று ஆசிரியை தேவைப்பட்டாளோ, அந்தச் சிறிய மரியா, வளர்ந்தபின் பாப்புவா நியூகினித் தீவில் பல ஆண்டுகள் சமயத் தொண்டு செய்து, மீண்டும் ஸ்டோவுக்குத் திரும்பினார். முதல் தாரத்து மக்கள் எழுவருள் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவரே. 2014 பிப்ரவரியில், தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் அவர் மறைந்தார்.